அடுத்தவர் வீட்டுப் பெட்டி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள், அதற்குள் இந்த ஆட்டம். மாடியில் காயப்போட்ட தலையணை உறை பக்கத்து வீட்டு முருங்கையில். ஒட்டடைக் கம்பால் மீட்டேன்.

லென்ஸ் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதம் அலமாரியில் தூங்கியது. இன்று எடுத்தேன். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது, பேச ஆளில்லை. ஆளில்லை என்பதும் பொய். ஆள் ஹாலில்தான் இருக்கிறார்.

இவர் சவூதியிலிருந்து வந்து பன்னிரண்டு நாள். இந்தத் தடவை லீவு இல்லை, முடித்துக்கொண்டு வந்தது. கல்யாணமான எட்டாம் மாதம் போனவர். பத்தொன்பது வருடம் தமாமில் ஏ.சி. மெக்கானிக். நடுவில் எட்டு லீவு. எல்லா லீவையும் கூட்டினால் ஒரு வருடம் தேறும். இப்போது பாலக்கரையில் ஒரே வீட்டில் இருவரும், விருந்தாளியும் வீட்டுக்காரியும் மாதிரி.

கவனித்தவை:

- சோபாவில் ஓரத்தில்தான் உட்காருகிறார். டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர் போல.
- சூட்கேஸ் இன்னும் பிரிக்கவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் கிடக்கிறது. காலையில் ஜிப்பைத் திறப்பு, ஒரு சட்டை, மறுபடி மூடல்.
- தண்ணீர் குடிக்கக்கூட "எடுத்துக்கட்டுமா?"
- நாள் முழுக்கக் கையில் ஒரு குட்டி கேம் மெஷின். அதில் மட்டும் யாரையும் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

அரிசி ஊறப்போட வேண்டும்.

ஜூலை 9, புதன்

பஸ்ஸில் உட்கார இடம். அதிசயம். காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர்.

ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் வைதேகி. இனி வை. என்றே எழுதுகிறேன். சித்திரை வீதிக்காரி. முப்பத்திரண்டு வயது, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, கைப்பையில் இவர் வைத்திருப்பது மாதிரியே ஒரு மெஷின். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. இன்று கேட்டேன். கஸ்டமர் வரும்வரை மூச்சு விடாமல் பேசினாள்.

எனக்குப் புரிந்தது: ஜப்பான்காரர்கள் செய்த கேம் தொடர். முப்பது வருடத்துக்கு மேலாக வருகிறது. பதின்மூன்று பாகம். ஒவ்வொன்றிலும் ஒரு பையனோ பெண்ணோ ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியது. வழியில் மூன்று பேர் சேருவார்கள். நடப்பார்கள், சண்டை போடுவார்கள், சத்திரத்தில் தூங்குவார்கள். சண்டைகூட அவசரமில்லை. நம் முறை வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், எதிரி அதுவரை சும்மா நிற்பான். எங்கள் வீட்டில் பேச்சும் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

"பதிமூணையும் வரிசையாத்தான் ஆடணுமா?" என்றேன்.

"வேண்டவே வேண்டாம். பெருமாள் அவதாரம் மாதிரி வச்சுக்கோங்கோ. மத்ஸ்யத்தச் சேவிக்காம ராமனச் சேவிக்கப்படாதுன்னு யாராவது சொல்வாளா? ஒவ்வொண்ணும் தனிக் கதை. ஆனா எல்லாத்துலயும் ஒரு படகுக்காரி வருவா. அவ மட்டும் மாறவே மாட்டா."

பிறகு, "உங்காத்துக்காரர் எத்தனாவது பாகத்துல இருக்கார்?"

"தெரியாது."

"கேக்கலையா?"

கேட்கவில்லை. பதின்மூன்று நாளில் உப்பு போதுமா என்பதைத் தவிர நான் எதையும் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கத்தரிக்காய் நறுக்கும்போது ஹமீது பாய் போன். தமாமில் இவருக்கு ஃபோர்மேன். இவர் ஸ்பீக்கரில் போட்டார். ரூமில் அப்படிப் பேசியே பழக்கம் போலிருக்கிறது.

"சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு சிராஜு. வெயில்ல நிக்க வேணாம், ஆபீஸ் வேல. உன் பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன். இருபத்தஞ்சாம் தேதி, ஜும்மா முடிஞ்சதும் சொல்லிடு. அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது."

"யோசிக்கிறேன் பாய்" என்றார் இவர். வைத்ததும் என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

"நீ என்ன சொல்ற ஜரினா?"

"உங்க இஷ்டம்ங்க."

"இல்ல, உனக்கு எப்படி வசதியோ..."

"எனக்கென்ன, உங்களுக்கு எப்படியோ அப்படி."

இப்படியே இன்னும் நாலு சுற்று. கத்தரிக்காய் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை.

இவர் போகக் கூடாது. இதை இங்கே எழுத அரை நிமிடம் ஆகவில்லை, அங்கே சொல்ல வாய் வரவில்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். இன்று காலை பாத்ரூம் வாசலில் துண்டோடு இவர் பொறுமையாக நிற்பதைப் பார்த்தபோது, போய்விட்டால் நிம்மதி என்று ஒரு கணம் தோன்றியது. பத்தொன்பது வருடம் என் இஷ்டப்படி கிடந்த வீடு. அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும். இரண்டும் உண்மைதான், ஆனால் முதலாவது பெரிய உண்மை.

ஜூலை 11, வெள்ளி

கேட்டேவிட்டேன். "அந்தக் கேம நானும் ஆடிப் பாக்கட்டா?"

வைர மூக்குத்தி கேட்டதுபோல் திகைத்தார். பிறகு சூட்கேஸைத் திறந்து அடியிலிருந்து ஒரு பழைய மெஷினை எடுத்தார். மடக்கும் இடம் உடைந்து நீல டேப் சுற்றியது. ஊருக்குத் திரும்பிய பிலிப்பினோக்காரர் ஒருவர் விட்டுப் போனதாம். முதல் பாகம் அதில்தான் இருக்கிறது. அதில் தொடங்கி இதுவரை ஒன்பது பாகம் முடித்திருக்கிறார்.

ஆட்டத்தைப் பத்திரப்படுத்த மூன்று இடம். இரண்டில் இவருடையது, ஒன்று காலி. முதலாவதைத் திறந்து காட்டினார். ஆடிய நேரம் 412 மணி. நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாமாம். என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

வாள்காரன் பாபு. வில்காரன் யூசுப். மந்திரக்காரன் ஜோஸ். காயத்துக்கு மருந்து போடும் வெள்ளை அங்கிப் பெண்ணின் பெயர் முருகேசன்.

"ரூம்காரங்க" என்றார். "முருகேசன் நம்ம லால்குடிக்காரன். ரூம்ல சமையல் அவன்தான். எனக்கு டைஃபாய்டு வந்தப்ப பதினஞ்சு நாளு கஞ்சி வச்சுக் குடுத்தான். அதான் அவன மருந்துக்குப் போட்டேன்."

டைஃபாய்டு. எந்த வருடம்? எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பதினைந்து நாளும் போனில் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். நானும் இங்கே அப்படித்தானே. கர்ப்பப்பைக் கட்டி எடுத்ததை மூன்று மாதம் கழித்துச் சொன்னேன்.

காலி இடத்தில் என் ஆட்டம். நாயகனுக்கு ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குள் பெயர். மகள் பெயரை வைத்தேன். முள்ளம்பன்றித் தலையோடு ஒரு பையன், பெயர் நஸ்ரின்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தது. கோழி வாங்கியது. மீதி நேரம் முழுக்க கேம்.

சின்ன மீனவ ஊர். இவன் அத்தா படகில் போனவர் திரும்பவில்லை, தேடிப் போக வேண்டும். இதுவரை நியாயம். ஆனால் யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழையலாம் என்பது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஒரு வீட்டில் கிழவர் நிற்கிறார், மூலையில் மரப்பெட்டி. பக்கத்தில் போனதும் "திறக்கவா?" என்று என்னைக் கேட்கிறது. பெட்டிக்குச் சொந்தக்காரர் அங்கேயே நிற்கிறார், கேள்வி என்னிடம். இல்லை என்று அமுக்கிவிட்டு வெளியே வந்தேன். எட்டு வீடு, எட்டு பெட்டி. எதையும் தொடவில்லை.

துறையில் அந்தப் படகுக்காரி. வை. சொன்னவள். தலையில் முக்காடு மாதிரி துணி, முகம் பாதிதான் தெரிகிறது. மூடுபனியாம், விளக்கு கொண்டுவந்தால்தான் அக்கரைக்கு விடுவாளாம். விளக்கு எங்கே என்று ஊரில் ஒருவர் விடாமல் கேட்டேன். ஒரு விதவை மட்டும், தன் கணவர் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை, அவர் பெட்டி மாடியில் அப்படியே இருக்கிறது என்றாள். பாவமாக இருந்தது. மாடிக்குப் போகாமல் வந்துவிட்டேன்.

போக இடமில்லாததால் ஊர் எல்லையில் தவளைகளோடு சண்டை. பத்து தவளை அடித்தால் லெவல் ஏறுகிறது.

மாலையில் நஸ்ரின் போன், கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து. இரண்டாம் வருடம். சாப்பாடு, பரீட்சை, தலைமுடி கொட்டுவது எல்லாம் சொன்னாள். நான் கேம் ஆடுகிறேன் என்றதும் "அம்மா, நீயா?" என்று ஒரே சிரிப்பு. வைக்கப் போகும்போது, "அத்தா எப்பம்மா திரும்பப் போறாங்க?"

பழக்கதோஷம். பிறந்ததிலிருந்து கேட்ட கேள்வி. இவர் ஹாலில் இருந்தார், ஸ்பீக்கர் ஆன். தலை நிமிராமல் ஏதோ பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். அமுக்குகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காற்றில் ஜன்னல் கொக்கி தெறித்தது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் சோபாவில் நான் ஒரு ஓரம், இவர் ஒரு ஓரம். எட்டிப் பார்த்தார்.

"லெவல் எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"பரவால்லியே. எந்த ஊர்ல இருக்க?"

"மொத ஊர்லதான்."

மெஷினை வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத ஊர்லயே இருபத்தொண்ணா? எல்லாரும் அஞ்சாவது லெவல்ல ஆத்தத் தாண்டிருவாங்க ஜரினா. இருபத்தொண்ணுக்கு வர்றதுக்கு எத்தன தவளய அடிச்ச?"

"எண்ணல. விளக்கு கிடைக்கலங்க."

"அந்தம்மா வீட்டு மாடியில பெட்டிக்குள்ள இருக்கே."

"அது அவங்க புருஷன் பெட்டிங்க. நம்ம எப்படித் தொறக்கிறது?"

முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, சோபாவின் நடுவில் சரிந்து அப்படியொரு சிரிப்பு. வந்த இருபத்தோரு நாளில் முதல் தடவை. கல்யாணத்துக்குப் பிறகு இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேனா என்றே சந்தேகம். நானும் சிரித்தேன்.

சிரித்து முடித்துத் தண்ணீர் குடிக்கப் போனவர் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜரினா, இந்தத் தயிர எடுத்துக்கட்டுமா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது பாகத்திலும் ஊரார் வீட்டுப் பெட்டியை ஒன்று விடாமல் திறந்த மனுஷன். சொந்த வீட்டுத் தயிருக்கு அனுமதி கேட்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒற்றைக் காலில் பயணம். திருவானைக்காவலில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் இன்னொரு காலுக்கு இடம்.

வை.யிடம் பெட்டிக் கதையைச் சொன்னேன். அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம்தான்.

"தொறக்கலைன்னா கதை நகராது ஜரினாக்கா. பதிமூணு பாகத்துலயும் இதுதான். மரியாதையா வாசல்லயே நின்னுண்டிருந்தா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

மத்தியானம் ஒரு பெரியவருக்கு பைஃபோகல் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வேறு யாருடைய கண்ணாடியோ. அவர் போட்டுக்கொண்டு "நன்னாத் தெரியறதே" என்றார். ஓடிப்போய் வாங்கி வந்தேன். மனம் கடையில் இல்லை. இன்னும் ஒரு வாரம்.

ஜூலை 20, ஞாயிறு

லால்குடி போய் வந்தோம். இவர்தான் கேட்டார், "முருகேசனப் பாத்துட்டு வரலாமா? உனக்கு வேல இல்லன்னா." வேலை இருந்தது. இல்லை என்றேன்.

கொள்ளிடத்தில் மணல் தெரியாத அளவுக்குத் தண்ணீர். வழியெல்லாம் குறுவை நட்ட வயல். முருகேசன் மொபெட்டோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். அவர் வந்து மூன்று வருடம் ஆகிறது, சொந்த நிலத்தில் விவசாயம். எங்களை இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுபோனார். கேமில் வெள்ளை அங்கி போட்ட பெண், நேரில் அரையடி மீசை. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அங்கே இவர் வேறு ஆள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தானே திறந்து மோந்து பார்த்தார். எதற்கும் யாரையும் கேட்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒரு மீசைக்காரர் மேல்.

சாப்பிட்டதும் இவர் வயலைப் பார்க்க வரப்பில் இறங்கினார். அப்போது முருகேசனிடம் பெட்டிக் கதையைச் சொன்னேன்.

"சிராஜ் பாய்க்கு அதுதான் அண்ணி வேல. புது ஊருக்குள்ள போனா அத்தன வீட்டுப் பெட்டியும் தொறந்துட்டுத்தான் மறுவேல. ரூம்ல அது முடியுமா? ஆறு பேரு. ஃப்ரிட்ஜ்ல ஆளுக்கு ஒரு தட்டு, டேப்புல பேரெழுதி ஒட்டியிருக்கும். ஒரு வாய் தண்ணின்னாலும் கேட்டுத்தான் எடுக்கணும். அடுத்தவன் பெட்டியத் தொட்டா ரூம விட்டே வெளிய. கேம்லதான் தொறந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்."

"நீங்க வந்தப்பவும் இப்படித்தான் இருந்தீங்களா?"

பதில் அவர் மனைவி சரோஜாவிடமிருந்து வந்தது. "அதக் கேளுங்கக்கா. நாலு மாசம் சவூதியிலருந்து கொண்டாந்த பெட்டிக்குப் பக்கத்துல பாய விரிச்சுப் படுத்தாரு, ரயிலுக்குக் காத்துக் கிடக்கிற மாதிரி. எனக்கு ஆத்தரம் வந்துருச்சு. ஒருநாள் துணியெல்லாம் அள்ளிக் கொடியில போட்டுட்டு, பெட்டியில வைக்கோலப் போட்டுக் கோழிய அடைக்கு வச்சுட்டேன்."

"பதினோரு குஞ்சு" என்றார் முருகேசன். "ரெண்டு நாளு நான் இவகிட்ட பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன பண்றது அண்ணி, அடையில இருக்கிற கோழிய எழுப்பவா முடியும்?"

கீரைக்கட்டு, அரைப்படி பச்சைப்பயறு கொடுத்தனுப்பினார்கள். பஸ்ஸில் இவர் தூங்கிவிட்டார். தலை என் தோளில் விழுந்தது. விழித்ததும் "சாரி" என்றார்.

சாரியாம்.

ஜூலை 21, திங்கள்

கேமில் விதவையின் வீடு. மாடி ஏறினேன். "திறக்கவா?" ஆம். விளக்கு கிடைத்தது. கீழே வந்தேன், திட்டுவாளோ என்று பயந்தபடி. "எடுத்துக்கொண்டாயா, நல்லது. எத்தனை வருடமாக அது அங்கேயே கிடக்கிறது" என்றாள். பத்து நாள் தவளை அடித்துக்கொண்டிருந்தேனே.

இவரும் பக்கத்தில் இருந்தார். படகுக்காரி விளக்கை முன்னால் மாட்டித் துடுப்புப் போட்டாள். மெதுவாக ஒரு இசை. திரை முழுக்கப் பனி.

"எல்லா பாகத்துலயும் இவதானாமே."

"ம். கடைசியில இவதான் திரும்பவும் வீட்டுல கொண்டாந்து விடுவா. வாசல்ல நிப்பான். வீட்டுக்காரங்க வெளிய வருவாங்க. முற்றும்னு போட்டுருவான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒன்பது பாகம் முடிச்சிட்டேன் ஜரினா. வீட்டுக்கு வந்த மறுநாள் அவன் என்ன பண்ணுவான்னு ஒண்ணுலயும் காட்டல."

படகு கரை தட்டிவிட்டது.

ஜூலை 23, புதன்

ஆதாரில் முகவரி சரி பார்க்க இவர் காலையிலேயே இ-சேவை மையத்துக்கு. எனக்கு மத்தியான ஷிஃப்ட்.

சூட்கேஸ் முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இருபது வருடக் குடித்தனத்தில் இவர் பெட்டியை நான் திறந்ததே இல்லை. லீவில் வரும்போது இவரே திறந்து, இவரே எடுத்து நீட்டுவார்.

திறந்தேன். உள்ளே:

சட்டை 6, பேன்ட் 4
லுங்கி 3. ஒன்று நான் எப்போதோ கொடுத்தனுப்பியது, மடிப்புக் கலையவில்லை
தைலம் 2
ஊசி நூல், சட்டைப் பட்டன்கள் ஒரு டப்பாவில்
வெள்ளை டேப் உருளை. வரிசையாக சிராஜ், சிராஜ், சிராஜ் என்று ஆங்கிலத்தில் எழுதி, கிழித்து ஒட்டத் தயாராக
எவர்சில்வர் தட்டு 1, டம்ளர் 1, ஸ்பூன் 1

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு ஒளிக்க, நன்றாகவே அழுதேன்.

பீரோவில் இரண்டாம் தட்டைக் காலி செய்தேன். அது முழுக்க இவர் அனுப்பிய சாமான். சென்ட், துண்டு, மேஜை விரிப்பு, எல்லாம் நல்ல நாளுக்கென்று உறை பிரிக்காமல். பிரித்தேன். விரிப்பு டி.வி. மேஜைக்கு, துண்டு பாத்ரூமுக்கு. காலியான தட்டில் இவர் துணி. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கழுவி எங்கள் தட்டுகளோடு அடுக்கினேன். ஸ்பூன் எங்கள் ஸ்பூன்களுக்குள் போனதும் எது என்று தெரியவில்லை.

மணி ஒன்றுக்கு வந்தார். காலி சூட்கேஸைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"ம். பீரோவுல வச்சிருக்கேன்."

"கேக்காமயா?"

கோபமில்லை. குரலில் வேறு ஏதோ. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

பேசவில்லை. நேற்றிலிருந்து. சாப்பாடு பாதி. மெஷினைக்கூடத் தொடவில்லை.

காலையில் பீரோ முன்னால் நின்று, "தொறக்கட்டுமா?" என்றார்.

அவ்வளவுதான், தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜ், பாத்ரூம், இப்போது பீரோ. கேட்பதற்கு இன்னொரு கதவைக் கொடுத்ததுதான் மிச்சம். சரோஜாவுக்குப் பலித்தது எனக்குப் பலிக்க வேண்டுமா என்ன. என்னிடம் கோழியும் இல்லை.

டிபன் பாக்ஸ் கட்டியபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பார்த்தால் சொல்ல முடியாது.

"நீங்க போகக் கூடாதுங்க. உங்க இஷ்டம்னு சொன்னது பொய். எனக்கு நீங்க இங்க இருக்கணும். தொறக்கட்டுமா, எடுத்துக்கட்டுமான்னு இனிமே என்னக் கேக்காதீங்க, எனக்குத் தாங்கல."

மூடியைத் தப்பான டப்பாவுக்குப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பீரோ திறந்திருந்தது. இவர் உள்ளே பார்த்தபடி நின்றார், ஒன்றையும் எடுக்காமல்.

என் முறை முடிந்தது. இனி இவர் முறை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று வை. சொன்னாள், ஆனால் நாளைக்கு ஜும்மா வரைக்கும்தான்.

ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் ஆடி வெள்ளி. கடையில் காலையில் கூட்டம், மத்தியானம் ஈ. ஒன்றரை, இரண்டு, இரண்டரை. ஜும்மா முடிந்திருக்கும். போன் வரவில்லை. நானும் போடவில்லை. வை. "என்னாச்சு, மூஞ்சி வாடிக் கிடக்கு" என்று துளசி கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் பாலம் முழுக்க நெரிசல். ஆறரைக்கு வீடு. படியேறும்போதே மேலே ஏதோ இழுபடும் சத்தம். டமார் என்று ஒரு பாத்திரம்.

இவர் ஸ்டூல் மேல். தலையெல்லாம் ஒட்டடை. பரணில் சூட்கேஸைப் பின்சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டிருந்தார். பரணிலிருந்த என் பிரியாணி தேக்சாவைக் காணோம்.

"ஹமீது பாய்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார், முதுகைக் காட்டியபடி.

எனக்குச் சந்தோஷம். ஆனால் வாயில் வேறு என்னவோ வந்தது.

"தேக்சா எங்கங்க?"

"கட்டிலுக்கு அடியில."

"அத ஏன் அங்க வச்சீங்க? பாத்ரூம் ஈரம் அந்தப் பக்கந்தான வரும்? எங்கம்மா குடுத்தது அது."

"பரண்ல ரெண்டுக்கும் இடமில்ல. வேற எங்க வைக்கிறது?"

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்ல?"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இவர் ஸ்டூலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேக்கல" என்றார்.

தேக்சா அடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அடுப்படிக்குப் போனால் உறை ஊற்ற வைத்திருந்த தயிரும் இல்லை. கிண்ணம் காலியாக சிங்க்கில். நாளைக்குப் பக்கத்து வீட்டில்தான் உறை வாங்க வேண்டும்.